32 மதிப்பெண் வந்தால் ஆட்டிசமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியவர்கள் தமக்கு ஆட்டிசம் இருக்கிறதா என்று தாமே சோதித்துப் பார்க்கும் கேள்வித்தாள் ஒன்றைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் கண்டோம். ஐம்பது கேள்விகள், அடியில், "32க்கு மேல் எடுத்தால் உங்களுக்கு ஆட்டிசம்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதம்.

ஆட்டிசம் என்றால் குழந்தைகளுக்கு வருவது என்றே இங்கே பலரும் நினைக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் வளர்ந்து வேலைக்குப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், ஓய்வும் பெறுவார்கள் என்பதை ஒரு தமிழ் நாளிதழ் எழுதியது எங்களுக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. "யாரோடும் ஒட்டமாட்டான்", "திமிர் பிடிச்சவ" என்று ஆயுள் முழுக்கக் கேட்டுப் பழகியவருக்கு அந்தக் கட்டுரை ஒரு கதவைத் திறந்திருக்கும். ஆனால் அடியில் இருந்த வரி இரண்டு பக்கமும் கெடுதல் செய்கிறது. ஆட்டிசம் இல்லாதவரை இருப்பதாக நம்ப வைக்கிறது; இருப்பவரை இல்லையென்று திருப்பி அனுப்புகிறது. இரண்டாவதுதான் எங்களை அதிகம் வருத்துகிறது.

நீங்கள் வெளியிட்டது ஏ.க்யூ. என்ற கேள்வித்தாள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பேரன்-கோஹனும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்டது. பிறரோடு பழகுதல், கவனத்தை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல், நுணுக்கங்களைக் கவனித்தல், உரையாடல், கற்பனை என்று ஐந்து பகுதிகள், பகுதிக்குப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள் உண்டு. ஆனால் "நிச்சயமாக ஆம்" என்றாலும் "ஓரளவு ஆம்" என்றாலும் கிடைப்பது ஒரே மதிப்பெண்தான். அடிக்கடி தடுமாறி வேலையையே விட்டவரும், எப்போதாவது லேசாகக் கூச்சப்படுபவரும் அந்தக் கேள்வியில் சமமாகிவிடுவார்கள்.

முதல் ஆய்வில் ஆட்டிச வகைக்குள் ஏற்கெனவே கண்டறியப்பட்ட 58 பெரியவர்களும், ஒப்பிடுவதற்காகப் பொதுமக்களில் 174 பேரும் இருந்தார்கள். முதல் குழுவின் சராசரி 35.8, இரண்டாவது குழுவின் சராசரி 16.4. முதல் குழுவில் நூற்றுக்கு 80 பேர் 32ஓ அதற்கு மேலோ எடுத்தார்கள்; பொதுமக்களில் நூற்றுக்கு 2 பேர்தான் அவ்வளவு எடுத்தார்கள். 32 என்ற எண் வந்த வழி இதுதான். எண்ணில் தவறில்லை. அதை வாசிக்கும் விதத்தில்தான் தவறு.

நம் ஊரில் "கட்-ஆஃப்" என்றால் கல்லூரி சேர்க்கைதான் நினைவுக்கு வரும். எல்லையைத் தாண்டினால் இடம் உண்டு, அரை மதிப்பெண் குறைந்தால் இல்லை. இந்தக் கேள்வித்தாளின் எல்லை அப்படிப்பட்டதல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் வாசகர்கள் இதை நிரப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவருக்கு ஆட்டிசம் என்று கொண்டால், ஆயிரத்தில் பத்துப் பேர். அந்தப் பத்தில் எட்டுப் பேர் 32ஐத் தாண்டுவார்கள், இருவர் தவறிப்போவார்கள். மீதி 990 பேரில் நூற்றுக்கு இரண்டு என்றால் ஏறக்குறைய இருபது பேரும் தாண்டுவார்கள். ஆக, தாண்டிய 28 பேரில் ஆட்டிசம் உள்ளவர்கள் எட்டுப் பேர்தான். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கேள்வித்தாளுக்கு மிகச் சாதகமான எண்களை வைத்துப் போட்டாலே கணக்கு இப்படித்தான் வருகிறது.

மனநல மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் கணக்கு வேறு மாதிரி கோணும். 2005இல் அதே கேம்பிரிட்ஜில், மதிப்பீட்டுக்காக அனுப்பப்பட்ட 100 பேரிடம் இதைப் பார்த்தார்கள். அங்கே 26தான் பொருத்தமான எல்லை என்று தெரிந்தது. அப்படி வைத்தும், ஆட்டிசம் இல்லாதவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். காரணம் எளிது. மருத்துவமனைக்கு வருகிறவர் சும்மா வருவதில்லை. பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைவு (ஏ.டி.எச்.டி.) என ஏதோ ஒன்றோடு வருகிறார். அவை ஒவ்வொன்றும் இந்தக் கேள்விகளில் மதிப்பெண்ணை ஏற்றும்.

பத்தே கேள்விகள் கொண்ட சுருக்கமான வடிவமும் உண்டு. 2012இல் வந்தது. 6 எடுத்தால் முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும் என்பது அதன் கணக்கு. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் பெரியவர்களுக்கான வழிகாட்டுதலில் இதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்யத்தான், ஆட்டிசம் என்று தீர்ப்பளிக்க அல்ல. 2016இல் லண்டனில் மதிப்பீட்டுக்கு வந்த 476 பேரிடம் இதைச் சரிபார்த்தபோது, எல்லைக்குக் கீழே எடுத்தவர்களிலேயே நூற்றுக்கு 64 பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. குறைந்த மதிப்பெண்ணைக் காட்டி "உங்களுக்கு ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று சொல்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கைபேசியில் பலரும் நிரப்பும் இன்னொன்று ராட்ஸ்-ஆர். 80 கேள்விகள், மொத்தம் 240, எல்லை 65. 2011இல் அதை உருவாக்கியவர்கள், மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்ப வைக்க வேண்டும் என்றே எழுதினார்கள். அப்படிச் செய்தபோது ஆட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 97 பேரை அது பிடித்தது, இல்லாதவர்களில் ஒருவரையும் தவறாகப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பித் தாமே நிரப்பச் சொன்னால் என்ன ஆகும் என்று 2021இல் இங்கிலாந்தில் 50 பேரிடம் பார்த்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் 65ஐத் தாண்டினார்கள். அவர்களில் 17 பேருக்குத்தான் ஆட்டிசம். அதே தாள், அதே கேள்விகள். பக்கத்தில் இருந்து விளக்கம் கேட்க ஆள் இல்லை என்பது முக்கியமான வேறுபாடு.

அந்த ஆள் என்ன செய்கிறார்? "நண்பர்களைச் சேர்ப்பது எனக்குக் கடினம்" என்று ஒருவர் குறித்திருக்கிறார். அதற்கு ஒரு மதிப்பெண் போட்டுவிட்டு நகர்ந்தால் ஒன்றும் தெரியாது. ஆறாம் வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்கார்ந்தீர்கள்? பேச்சை ஆரம்பித்தது யார்? அந்த நட்பு எப்படி நின்றுபோனது? இப்போது காரணமே இல்லாமல் யாருக்காவது போன் செய்வீர்களா? இப்படி நான்கு கேள்வி கேட்டால் கதை விரியும். ஒருவர் சொல்வார்: "எல்லாரும் என்ன நெனப்பாங்களோன்னு பயம், பேசணும்னு ஆசைதான்." இன்னொருவர் சொல்வார்: "பேசிட்டுத்தான் இருந்தேன். அவங்க ஏன் கோவிச்சுக்கிட்டாங்கன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல." இருவரும் தாளில் குறித்தது ஒரே கட்டத்தை. முதலாமவரிடம் சமூகப் பதற்றத்தைத் தேட வேண்டும். இரண்டாமவரிடம் ஆட்டிசத்தைத் தேட வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

இதுபோல் பிரித்துப் பார்க்க வேண்டியவை இன்னும் பல. சமூகப் பதற்றம் பெரும்பாலும் விடலைப் பருவத்தில் தலைகாட்டும். பழகிய வீட்டு ஆட்களிடம் அடங்கிவிடும். ஆட்டிசத்தின் சிரமம் சிறு வயதிலிருந்தே இருக்கும், சொந்த வீட்டிலும் இருக்கும். எண்ணச் சுழற்சி நோயில் (ஓ.சி.டி.) திரும்பத் திரும்பச் செய்வது அவருக்கே வேண்டாத பாரம், செய்யாவிட்டால் ஏதோ கெட்டது நடக்கும் என்ற அச்சம். ஆட்டிசம் உள்ளவர் ரயில் அட்டவணையைப் பத்தாவது முறை படிப்பது அது அவருக்கு இனிக்கிறது என்பதால். மனச்சோர்வில் ஒதுங்குபவருக்கு ஒதுங்காமல் இருந்த காலம் ஒன்று முன்பு இருந்திருக்கும். கவனக்குறைவு உள்ளவர் பேச்சின் நடுவே குறுக்கிடுவார், ஆனால் எதிரில் இருப்பவர் முகம் சுளித்ததைப் பார்த்ததும் சட்டென்று புரிந்துகொள்வார். இவை கறாரான விதிகள் அல்ல, தேடலைத் தொடங்க வேண்டிய இடங்கள். எந்தக் கேள்வித்தாளும் "எப்போதிலிருந்து, யாரிடம், ஏன்" என்று தானாகக் கேட்காது.

ஆளுமைக் கேள்வித்தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கள் கட்டுரை இரண்டையும் கலந்துவிட்டது. ஒருவர் எவ்வளவு கலகலப்பானவர், எவ்வளவு சட்டென்று கலங்குகிறவர், எவ்வளவு ஒழுங்கானவர் என்பன போன்ற ஐந்து பண்புகளை அளக்கும் சோதனைகளில், ஆட்டிசம் உள்ளவர்கள் ஒரு குழுவாகப் பார்த்தால் கலகலப்பில் குறைவாகவும் கலக்கத்தில் அதிகமாகவும் வருகிறார்கள். குழுவுக்கு அது உண்மை. அதைத் திருப்பிப் போட்டு, கலகலப்பு குறைந்த ஒருவருக்கு ஆட்டிசம் என்று சொல்ல முடியாது. தனிமை விரும்பி என்பது ஒரு குணம். ஆட்டிசம் என்று சொல்ல, 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 என்ற மனநல நோயறியும் கையேடு கேட்பவை வேறு: பிறரோடு பேச்சையும் உணர்வையும் பரிமாறிக்கொள்ளுதல், சைகையும் பார்வையும், உறவுகளை வளர்த்துக் காத்தல் என்ற மூன்றிலும் சிரமம், திரும்பத் திரும்பச் செய்தல், மாற்றத்தைத் தாங்காமை, ஆழ்ந்த குறுகிய ஈடுபாடு, புலன்களின் மிகை அல்லது குறை என்ற நான்கில் குறைந்தது இரண்டு, தொடக்கம் இளம் பிராயத்தில், அன்றாட வாழ்க்கையில் கண்கூடான பாதிப்பு. ஏ.க்யூ. கேள்வித்தாளில் புலன்களைப் பற்றி நேரடியாக எதுவும் இல்லை என்றே சொல்லிவிடலாம். மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுபவருக்கு அதில் ஒரு மதிப்பெண்ணும் கிடையாது.

இனி மொழிபெயர்ப்பு. தங்கள் இணைப்பில் வந்த தமிழ் வடிவத்தில் எங்களைத் தடுக்கி விழ வைத்த இடங்கள் பல. நூலகமா பார்ட்டியா என்று கேட்கும் வாசகத்தில் "விருந்து" என்று போட்டிருந்தீர்கள். அங்கே பார்ட்டி என்பது விரும்பினால் போகும் இடம். இங்கே விருந்து என்பது மாமா வீட்டு அழைப்பு, போகாவிட்டால் மனத்தாங்கல். பிடிக்கிறதா என்ற கேள்வியே எழுவதில்லை. கார் எண்களைக் கவனிப்பேன் என்ற வாசகத்துக்குச் சுங்கச்சாவடியில் வேலை பார்ப்பவர் வேறு என்ன விடை தருவார்? சிறு வயதில் பாவனை விளையாட்டு விளையாடினீர்களா என்பதை, சொப்பு வைத்துச் சோறாக்கி விளையாடினீர்களா, டீச்சர் விளையாட்டு விளையாடினீர்களா என்று கேட்டால்தான் பாட்டிக்கும் புரியும், பேத்திக்கும் புரியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் எதிர்மறை வாக்கியம். "சிறு மாற்றங்களை நான் கவனிப்பதில்லை" என்று வாசித்துக் காட்டினால் நம்மவர் "இல்லைங்க" என்பார். கவனிப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறாரா, மறுக்கிறாரா? தமிழில் இரண்டு பொருளும் உண்டு. இந்தத் தாளில் ஏறக்குறையப் பாதி வாசகங்களுக்கு மறுத்தால்தான் மதிப்பெண் என்பதால், ஐந்தாறு "இல்லைங்க" தவறான கட்டத்தில் விழுந்தாலே ஒருவர் எல்லையின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்துவிடுவார். "கவனிப்பேன்", "கவனிக்க மாட்டேன்" என்று முழு வினைச்சொல்லில் விடை வாங்குவதே இதற்கு வழி.

முறையாகச் செய்வதென்றால் இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், பிறகு வெவ்வேறு ஊர், வெவ்வேறு படிப்புள்ள சிலரை உட்காரவைத்து, "இதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" என்று வரிவரியாகக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகும் 32 என்ற எண் தானாகத் தமிழுக்கு வந்துவிடாது. தமிழ் பேசும் மக்களிடம் புதிதாக அளந்துதான் எல்லையை வைக்க முடியும்.

ஆட்டிசம் இருந்தும் மதிப்பெண் குறைவாக வருவதற்குக் காரணங்கள் உண்டு. தன் மனநிலையைத் தானே சொல்லில் பிடிக்க முடியாத தன்மை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் காணப்படுகிறது; மற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம்தான். தன்னைப் பற்றித் தானே சொல்லும் தாளை, தன்னைச் சொல்வதிலேயே சிரமப்படுபவரிடம் நீட்டுகிறோம். "அடிக்கடி" என்றால் வாரத்துக்கு எத்தனை முறை என்று தெரியாமல் பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காருபவர்கள் உண்டு. அந்தத் தயக்கமே ஒரு தகவல், ஆனால் மதிப்பெண்ணில் அது பதிவாகாது. "பிறர் கவனிக்காததை நான் கவனிப்பேன்" என்றால், பிறர் எதைக் கவனிக்கிறார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? இவற்றோடு மறைத்தலும் சேர்கிறது. எதிரில் இருப்பவரின் புருவத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவது, சிரிக்க வேண்டிய இடத்தை மனப்பாடம் செய்வது, வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் இரண்டு மணி நேரம் படுத்துக் கிடப்பது. பெண்கள் இதில் தேர்ந்துவிடுகிறார்கள், ஏனென்றால் பெண்பிள்ளை அனுசரித்துப் போக வேண்டும் என்று சிறு வயது முதல் பழக்குகிறோம். "எனக்குப் பேசத் தெரியும்" என்று அவர் குறிப்பது பொய்யல்ல. அதற்கு அவர் தரும் விலையைத் தாள் கேட்கவில்லை. மறைத்தலை அளக்கவென்றே 25 கேள்விகள் கொண்ட கேட்-க்யூ என்ற தாள் 2019இல் வந்தது. பெண்களைப் பார்க்கும்போது அதையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

சரி, என்னதான் செய்வது? கேள்வித்தாளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நிரப்புங்கள். கூட்டிப் பார்ப்பதற்கு முன், ஆம் என்று குறித்த ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சம்பவத்தை எழுதுங்கள்: எந்த வயது, எங்கே, யாரோடு, பிறகு என்ன ஆனது. சம்பவம் நினைவுக்கு வராத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தத் தாளோடு, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ, பெரியவர்களின் ஆட்டிசத்தில் பழக்கமுள்ள மனநல மருத்துவரையோ பாருங்கள். "பெரியவர்களை மதிப்பிடுவீர்களா, எத்தனை அமர்வு?" என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே அமர்வில், ஒரே தாளை வைத்துச் சான்றிதழ் தருபவரிடம் போக வேண்டாம். ஒன்றரை மணி நேர அமர்வு குறைந்தது இரண்டு அல்லது மூன்று தேவைப்படும்.

கூட்டிப் போக வேண்டியவர், உங்களைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர். அம்மா இல்லையென்றால் பெரியம்மா, அத்தை, மூத்த அக்கா. நான்கு, ஐந்து வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதுதான் மிக முக்கியம்: பேச்சு எப்போது வந்தது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டினீர்களா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினீர்களா, குழம்பு சோற்றில் கலந்தால் தட்டைத் தள்ளினீர்களா, திருவிழா வெடிச் சத்தத்துக்கும் மேளத்துக்கும் என்ன செய்தீர்கள், முடிவெட்டும்போது என்ன பாடு. "எப்படி இருந்தான்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்ல பிள்ளை, தொந்தரவே இல்லை" என்றுதான் வரும். பழைய பள்ளி முன்னேற்ற அட்டையில் ஆசிரியர் எழுதிய ஒரு வரி, கல்யாண வீட்டு வீடியோவில் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தை: இவற்றையும் எடுத்துப் போங்கள். வளர்த்தவர் யாரும் இல்லையென்றால் மதிப்பீடே முடியாது என்று நினைக்க வேண்டாம், கடினம், அவ்வளவுதான்.

மதிப்பிடுபவர் ஏடாஸ் போன்ற நேரடிக் கவனிப்புச் சோதனை செய்யலாம். பேச்சு வரும் பெரியவர்களுக்கு அதில் நான்காம் பகுதி, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும், பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும். நன்றாக மறைக்கப் பழகியவர் அதிலும் தப்பிவிடலாம். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பது மதிப்பீட்டின் பகுதி. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் அந்த ஆபத்து கூடுதல். வாசகர் யாருக்காவது அப்படித் தோன்றினால் மதிப்பீட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி-மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

சான்றிதழ் பற்றி ஒரு விளக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பட்டியலில் ஆட்டிசம் உண்டு. ஆனால் ஏ.க்யூ., ராட்ஸ்-ஆர் மதிப்பெண்களைக் காட்டி அடையாள அட்டை வாங்க முடியாது. அதற்கு இந்தியாவில் பயன்படுத்துவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல்: 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை, 70க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை என்பது அதன் கணக்கு. நீங்கள் நிரப்புவதல்ல, நிபுணர் உங்களைப் பார்த்தும் வீட்டாரைக் கேட்டும் நிரப்புவது. அதன் பெரும்பாலான கூறுகள் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சரளமாகப் பேசி, வேலைக்கும் போகும் நாற்பது வயதுக்காரர் அதில் குறைவாகவே எடுப்பார். பெரியவர்களுக்கென்று ஓர் அளவுகோல், தமிழிலும் சரிபார்க்கப்பட்டது, இந்த நாட்டுக்குத் தேவை. அதைக் கேட்டு எழுத ஒரு நாளிதழால் முடியும்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் கடைசி வரியைத் திருத்தி, இப்படி ஒரு குறிப்பு வெளியிடுங்கள்: "இந்தத் தாளில் அதிக மதிப்பெண் எடுத்தால் ஆட்டிசம் என்று பொருளில்லை, குறைவாக எடுத்தால் இல்லை என்றும் பொருளில்லை. பிறரோடு பழகுவதிலோ, மாற்றங்களைத் தாங்குவதிலோ, சத்தம், வெளிச்சம், தொடுகை போன்றவற்றிலோ சிறு வயது முதல் சிரமம் இருந்து, அது உங்கள் படிப்பையோ வேலையையோ குடும்பத்தையோ பாதித்தால், மதிப்பெண் எதுவானாலும் மதிப்பீட்டுக்குச் செல்லுங்கள்." கேள்வித்தாளை இன்னொரு முறை வெளியிடுவதானால், ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் சம்பவம் எழுத இரண்டு வரி இடம் விடுங்கள்.

இப்படிக்கு,
பெரியவர்களின் ஆட்டிச மதிப்பீட்டில் பணியாற்றும் மருத்துவ உளவியலாளர்கள்,
சென்னை